குழியில் எந்தக் கோடு

ஒரு புயலை எதைக் கொண்டு அளப்பது என்று யாராவது என்னைக் கேட்டால், காற்றின் வேகம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதை, தொலைக்காட்சியில் வெள்ளைச் சுழியின் மேல் கோல் வைத்துக் காட்டுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் புயலை அளந்தது தறிக்குழி. புயல் போன மறுநாள் குழியில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நிற்கிறதோ, அதுதான் அந்தப் புயலின் பெருமை. நானும் என் அக்காவும் அப்படி அளந்துதான் வளர்ந்தோம். அந்தக் குழியால்தான் நான் அவளை ஏழு வருஷம் இழந்தேன்.

திருத்தணியில் கடல் கிடையாது. ஆனால் கடலில் எது கிளம்பினாலும் எங்களுக்கு ஒரு பங்கு வந்துவிடும். சென்னைக்கும் நெல்லூருக்கும் நடுவில் எங்கே கரையேறினாலும், மிச்சமிருக்கும் மேகம் எங்கள் மலைமேல் மோதிக் கொட்டும். முருகன் உச்சியில் பத்திரமாக இருப்பார். அவர் படிகளில் வழிகிற தண்ணீர் அடிவாரத்தில் எங்கள் தெருவுக்கு வரும். கண்ணுக்குத் தெரிந்து வருவது பாதி, மண்ணுக்குள் ஊறி வருவது பாதி.

எங்கள் நைனா, அதாவது அப்பா, குழித்தறி நெய்தவர். குழித்தறியில் தறி தரை மட்டத்தில் இருக்கும். நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதிக்கட்டைகளை மிதிப்பார். மழைக் காலத்தில் அந்தக் குழிக்குள் ஊற்று கிளம்பும். மழை பெய்கிறபோது வராது. பெய்து ஓய்ந்து, வெயில் எட்டிப் பார்த்து, நாங்கள் துணி காயப்போடுகிற மறுநாள் காலையில்தான் மெதுவாக ஏறும். மலை குடித்தது போக மீதியை எங்களுக்கு அனுப்ப ஒரு நாள் ஆகும்.

ஏறி நின்ற இடத்தில் நைனா காவிக்கட்டியால் குழிச் சுவரில் ஒரு கோடு போடுவார். அது வேலைக்காகப் போட்ட கோடு. அடுத்த முறை மிதிக்கட்டையை எவ்வளவு உயரத்தில் தூக்கிக் கட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதைப் போட்டியாக மாற்றியது அக்கா. அவள் என்னைவிட ஐந்து வயது பெரியவள். அம்மா நான் பால் பல் விழும் முன்பே போய்விட்டதால், எனக்குத் தலை வாரியதும் முதுகு தேய்த்ததும் முதுகில் போட்டதும் அவள்தான். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் ஆணியால் ஒரு படம் கீறி வைப்பாள். பக்கத்து வீட்டுக் கூரை பறந்தால் ஒரு சதுரம். கன்றுக்குட்டி செத்தால் நாலு காலும் ஒரு வாலும். சித்தப்பா கல்யாணத்துப் பந்தலைப் பிய்த்துக்கொண்டு போன புயலுக்கு ஒரு வாழைமரம். அப்போது புயல்களுக்குப் பெயர் வைக்கிற வழக்கம் இல்லை. நாங்கள்தான் வைத்தோம்.

அதில் ஒரு புயலைப் பற்றி எங்களுக்குள் தீராத சண்டை. பந்தலைப் பிய்த்த புயலுக்குக் குழியில் கணுக்கால் தண்ணீர்தான். அதற்கு அடுத்து வந்த ஒன்று வாழையிலையைக்கூடக் கிழிக்கவில்லை. சோனையாக ஒரு நாள் பெய்துவிட்டுப் போனது. அதற்கு முழங்காலைத் தாண்டித் தண்ணீர். அக்கா அதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய புயல் என்றாள்.

“காத்தே அடிக்கல, அது எப்டிக்கா பெருசு?” என்பேன்.

“குழி பொய் சொல்லாதுடி,” என்பாள்.

“அதுக்கு நான் சப்பைப் புயல்னுதான் பேரு வெப்பேன்.”

“வெச்சிக்க. கோடு என்னுது.”

நைனா நெய்துகொண்டே சிரிப்பார். யார் பக்கமும் தீர்ப்பு சொல்ல மாட்டார். இரண்டு பெண்களை வைத்துக்கொண்டிருப்பவருக்கு அவ்வளவு புத்தியாவது இருக்காதா.

அக்காவைச் சீராலாவில் கொடுத்தார்கள். ஆந்திராவில், கடலுக்குப் பக்கத்தில், நெசவாளர்கள் நிறைந்த ஊர். பாவா, அக்கா வீட்டுக்காரர், அவரும் தறிக்காரர்தான். எங்கள் வீட்டிலும் தெலுங்குதானே என்று பேசி முடித்தார்கள். ஆனால் அவர்கள் தெலுங்குக்கும் எங்கள் தெலுங்குக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ரேணிகுண்டாவில் இறங்கி, கூடூரில் மாறி, அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திரும்பி வந்து, எனக்கு நானே தலை வாரிக்கொள்ளத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. வெட்கக்கேடு.

தொண்ணூறாம் வருஷம் மே மாதத்தில் அந்தக் கடற்கரையை ஒரு பெரும்புயல் தாக்கியது. பதினைந்து நாள் கழித்து அக்காவிடமிருந்து ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. பொட்டி பொட்டியான அவள் தமிழெழுத்தில், ஓடுகள் பறந்தது, தறிமேல் பனைமரம் விழுந்தது, மூன்று நாள் அவல் தின்றது எல்லாம் எழுதியிருந்தாள். முழுக்கப் படித்துவிட்டு நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி மடிப்பில், ஒட்டுகிற பசைக்குப் பக்கத்தில், எனக்காக ஒரு வரி இருந்தது: ‘அங்கே குழியில் எந்தக் கோடு?’

எங்களுக்கு அந்தப் புயலில் தூறல்கூட இல்லை. அக்கினி வெயில். குழியில் பல்லி ஓடியது. நான் பதில் எழுதினேன்: ‘இங்கே ஒன்றும் இல்லை. நீ ஜெயித்துவிட்டாய்.’

அதன்பிறகு அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. கடிதம் போய், தொலைபேசி பூத் வந்து, செல்போன் வந்தது. எது வந்தாலும் அக்கா சும்மா பேசுகிறவள் இல்லை. “சும்மா எதுக்குடி போனு? சேதி இருந்தா பேசணும்,” என்பாள். கூட்டுக் குடும்பம், எந்நேரமும் வேலை. பொங்கலுக்குக்கூட பாவாதான் பேசுவார். ஆனால் வங்காள விரிகுடாவில் ஒரு சுழி கிளம்பிவிட்டால் போதும், அவளே கூப்பிடுவாள். ஒரு மணி நேரம் பேசுவாள். இந்தப் புயலுக்கும் போன புயலுக்கும், அவள் ஊருக்கும் என் ஊருக்கும், ஓட்டுக்கு ஓடு, மரத்துக்கு மரம் ஒப்பிட்டுப் பேசுவாள். லைலா அவள் ஊர்ப் பக்கமாகவே கரை கடந்தபோது அவளுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

“காத்து வடக்கால அடிச்சிகினு இருந்துச்சிடி. சட்டுனு நின்னு போச்சி. ஒரு எலை அசையல. அப்புறம் தெக்கால இருந்து அடிக்குது பாரு! ஒங்களுக்கு வர்றதெல்லாம் எங்க புயலோட வாலுடி, வாலு.”

“வாலுன்னாலும் அடிபட்டா வலிக்கும்கா.”

“குழியில எந்த கோடு?”

எவ்வளவு ஜம்பமடித்தாலும் கடைசிக் கேள்வி அதுதான். நான் குழிக்குள் இறங்கிப் பார்த்துச் சொல்வேன். கன்னுக்குட்டிக்கு ஒரு விரல் மேலே, கூரைக்கு இரண்டு விரல் கீழே என்று. அவள் அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பது எனக்குத் தெரியும்.

அவள் மாமியார் மட்டும் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே மாட்டாராம். எழுபத்தேழில் அந்தக் கரையில் கடலே எழுந்து உள்ளே வந்தது. அவர்கள் அதை உப்பெனா என்பார்கள். அந்த அம்மாளின் பிறந்த வீட்டில் அதில் யாரும் மிஞ்சவில்லை. நாங்கள் புயல்களை எடைபோட ஆரம்பித்ததும் அந்த அம்மாள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார் என்று அக்கா ஒரு தடவை சொன்னாள். சொன்ன இரண்டாவது நிமிஷம் நாங்கள் மறுபடி மரங்களை எண்ண ஆரம்பித்தோம். உண்மையாகவே இழந்தவர்கள் ஒப்பிடமாட்டார்கள் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. நாங்கள் இழந்தது ஓடும் தென்னையும் மட்டும்தான்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் புயலுக்காக ஏங்க ஆரம்பித்தேன். ஐப்பசி பிறந்தால் மற்றவர்கள் குடையைத் தேடுவார்கள், நான் போனுக்குச் சார்ஜ் போடுவேன். ‘அந்தமான் அருகே புதிய காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’ என்று செய்தியில் சொன்னால் மகிழ்ச்சியோடு சத்தத்தைக் கூட்டி வைப்பேன். அது வலுவிழந்துவிட்டது என்று சொன்னால் எனக்கு முகம் விழுந்துவிடும். மீனவர்கள் பிழைத்தார்கள், நாற்று பிழைத்தது, எனக்கு மட்டும் ஒரு போன் போச்சு. நைனா வீட்டோடு வந்து இருந்த என் வீட்டுக்காரர், “ஒனக்கு என்னா கேடு, மழ இல்லன்னா மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற?” என்பார். அவரிடம் என்னவென்று சொல்வது? அக்கா பேச்சைக் கேட்க வேண்டும் என்றால் ஊர் நனைய வேண்டும்.

நைனா இரண்டாயிரத்துப் பதினைந்து கார்த்திகையில், விடாத மழையில் போனார். அது புயலாகக்கூட ஆகவில்லை, அதற்கு ஒரு பெயரும் இல்லை. ஆனால் கூடூர்ப் பக்கம் தண்டவாளத்தின் மேல் தண்ணீர் ஓடியது. அக்கா ரயிலில் பாதி வழி வந்து, பஸ்ஸில் ஏறி, நடந்து, லாரியில் வந்து சேர்ந்தபோது மூன்றாம் நாள் ஆகிவிட்டது. நாங்கள் உடலை எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும்? அவள் அழவில்லை. ஈரப் புடவையோடு நேராகத் தறிக்கூடத்துக்குப் போய், குழியின் விளிம்பில் நைனா உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீருக்குள் விட்டாள். தண்ணீர் எல்லாக் கோடுகளையும் மூழ்கடித்துவிட்டு, விளிம்புக்கு அரையடி கீழே நின்றது. சப்பைப் புயலின் கோடுகூட உள்ளே போய்விட்டது.

“கோடு போட்டீங்களாடி?” என்று கேட்டாள்.

யாருக்கு அது ஞாபகம் இருக்கும்? நான் காவிக்கட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவளே குனிந்து, நீளமாக ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் படம் எதுவும் கீறவில்லை. பதினாறாம் நாள் முடிந்து ஊருக்குப் போகும்போதும் ஒருமுறை குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருஷம் வீட்டுக்காரர் பவர்லூம் போட ஏற்பாடு செய்தார். நாலு தறி. அதிர்வு தாங்க, தரை கெட்டியாக இருக்க வேண்டும். குழியை மூடலாமா என்று கேட்டார். மூடுங்கள் என்றேன். அவ்வளவுதான், ஒரு வார்த்தை. அவர்மேல் பழி போட்டுத் தப்பிக்க எனக்கு ஆசைதான், ஆனால் கேட்டவர் அவர், சரி என்றவள் நான். மண்ணும் செங்கல் துண்டும் கொட்டி, இடித்து, மேலே சிமென்ட் பூசினார்கள். மேஸ்திரிக்கு நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அது என்ன அரண்மனையா, குழிதானே என்று இருந்துவிட்டேன்.

அந்த மார்கழி பிறப்பதற்குள் வர்தா வந்தது. இந்த முறை புயல் எங்களுடையது. சென்னைக்குள் ஏறி, நேராக மேற்கே எங்கள் பக்கம் வந்தது. அரக்கோணம் சாலையில் புளியமரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. எதிர்வீட்டுத் தகரக் கூரை எங்கள் மாடியில் வந்து உட்கார்ந்தது. நாலு நாள் கரண்ட் இல்லை. அக்கா ஊருக்கோ லேசான சாரல்தான். முதல்முறையாக நான் ஜெயித்திருக்கிறேன்! அவள் போனுக்குக் காத்திருக்கவில்லை. டவர் கிடைத்ததும் நானே கூப்பிட்டேன்.

“இனிமே என்கிட்ட வாலு கீலுன்னு பேசாத,” என்று ஆரம்பித்தேன். “இது தலைக்கா. ஒன் ஊர் புயல் எல்லாத்தையும் சேத்து கட்னாலும் இதுக்கு ஈடாவாது. நீ பாத்தது எல்லாம் சும்மா வெளாட்டு.” இப்படிப் பத்து நிமிஷம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாய் ஓயாமல் கெட்டேன்.

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கடைசியில், “செரி செரி. குழியில எந்த கோடு?” என்றாள்.

“குழியா? அத்த மூடி ஆறு மாசம் ஆச்சேக்கா. சிமென்ட் போட்டாச்சி. பவர்லூம் ஓடுதில்ல.”

லைன் போய்விட்டது என்று நினைத்து “அலோ, அலோ” என்றேன்.

“ஆங்,” என்றாள். “நல்லா இருங்க.”

என்னை அவள் ‘ங்க’ போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். போனை வைத்துவிட்டாள்.

அதற்குப்பிறகு நிவர் வந்தது, அவள் கூப்பிடவில்லை. மாண்டஸ் வந்தது, அப்போதும் இல்லை. நான் கூப்பிட்டால் பாவா எடுப்பார். எல்லாரும் சௌக்கியம் என்பார். “அக்கா?” என்றால், “குளிக்கிறாம்மா,” என்பார். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாள், சாயந்திரம் கூப்பிட்டாலும் குளிக்கிறாள். ஏழு வருஷமாக ஒருத்தி குளித்துக்கொண்டே இருந்தாள்.

நான் ஜம்பமடித்ததுதான் அவளுக்கு உறுத்திவிட்டது என்று நினைத்தேன். எனக்கும் கோபம் வந்தது. இருபத்தைந்து வருஷமாக அவள் அடித்தாளே, நான் ஒரு நாள் அடித்தால் ஆகாதா? வீம்பில் கொஞ்ச நாள் நானும் கூப்பிடவில்லை. மாண்டஸ் போன வாரத்தில் பொறுக்கமுடியாமல் பாவாவிடம் கேட்டே விட்டேன், புயலைப் பற்றி நான் பேசியதற்கு இவ்வளவு கோபமா என்று.

பாவா சொல்லவா வேண்டாமா என்று தயங்கினார். பிறகு பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகச் சொன்னார். “அந்த பேச்சு அதுக்கு ஞாபகமே இல்லம்மா. உங்க நைனா மூஞ்சி பாக்க முடியல இல்ல? அது வந்து பாத்தது அந்த குழிய மட்டும்தான். அதுல அது கையால ஒரு கோடு போட்டுச்சாமே. அத்த மூடிட்டாங்க, ஒரு வார்த்த சொல்லல, அதான்.”

அன்றைக்குப் பவர்லூம்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குச் சப்பைப் புயல் ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் ஒரு மாதம் விடாமல் பெய்திருந்தது. பந்தலைப் பிய்த்த புயலோ காய்ந்த மண்ணில் விழுந்தது. குழியில் ஏறியது அந்தந்தப் புயலின் தண்ணீர் மட்டும் இல்லை, மண் முன்பே குடித்து வைத்திருந்ததும் சேர்ந்துதான் ஏறியது. நாங்கள் இரண்டு பேருமே தப்பாக அளந்திருந்தோம். வர்தா வந்த வருஷம் மழையே இல்லாத வருஷம். குழி இருந்திருந்தால்கூட ஒரு சொட்டு ஏறியிருக்காது. ஆனால் அக்கா நைனாவின் சாவிலிருந்தே முழுக்க நனைந்து நின்றிருந்தாள். அவள்மேல் நான் ஒரு சின்ன வாக்கியத்தைப் போட்டேன், கேட்காமல், சிரித்துக்கொண்டே.

தெரிந்து என்ன செய்வது? தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. நாலு டன் இரும்பு நிற்கிற தரையை உடைத்துக் கோட்டை எடுத்துத் தர முடியுமா? பாவாவிடம், “தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுங்க பாவா,” என்றேன். சொல்லியிருப்பார். அவள் குளித்துக்கொண்டிருந்திருப்பாள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் மிக்ஜாம் வந்தது. இது ஒரு விசித்திரமான புயல். எங்கள் கரைக்கு வந்து, ஏறாமல், நகராமல் நின்றுகொண்டு இரண்டு நாள் கொட்டித் தீர்த்தது. ரயில் இல்லை, கரண்ட் இல்லை. நாலு பவர்லூமும் வாய் மூடி நின்றதில், வீட்டில் பல வருஷம் கழித்து மழைச் சத்தம் கேட்டது. அப்புறம் அது வடக்கே நகர்கிறது, பாபட்லா பக்கம் கரை கடக்கும் என்று பக்கத்து வீட்டுப் பெண் செல்போனில் பார்த்துச் சொன்னாள். பாபட்லா என்றால் சீராலாவிலிருந்து கூப்பிடு தூரம். என்னை நனைத்த அதே புயல் அக்காவைத் தேடிப் போகிறது.

மிச்சமிருந்த சார்ஜில் கூப்பிட்டேன். பாவா எடுத்தார். காற்றுச் சத்தம் கேட்டது.

“ஷீட்ட கயிறு போட்டு கட்டிகினு இருக்கோம்மா.”

“அக்கா எங்க பாவா?”

“குளிக்—” என்றவர் நிறுத்திவிட்டார். அந்தக் காற்றில், அந்த மழையில், யாரைக் குளிக்கவைப்பது? பாவம், அவருக்கே வெட்கமாகப் போயிருக்கும். “பக்கத்துலதான் கீதும்மா,” என்றார். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

மறுநாள் எங்களுக்கு வெயில். அந்த நேரம் சீராலாவில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும், அத்தனை வருஷம் காதால் பார்த்தவள் நான். வடக்கிலிருந்து அடிக்கும், நிற்கும், தெற்கிலிருந்து அடிக்கும். கூப்பிட்டேன், கூப்பிட்டேன், போகவில்லை. எத்தனை ஐப்பசியில் இந்தப் போனுக்காகப் புயல் வரட்டும் என்று நினைத்திருப்பேன்! மலையைப் பார்த்துக் கும்பிட்டு, “முருகா, நான் கேட்டது எல்லாம் வாய் தவறிக் கேட்டது, கணக்கில் எடுத்துக்கொள்ளாதே,” என்று வேண்டிக்கொண்டேன். அவள் பேசவே வேண்டாம், இருந்தால் போதும். காலமெல்லாம் குளித்துக்கொண்டே இருக்கட்டும்.

கையும் ஓடாமல் காலும் ஓடாமல் தறிக்கூடத்தைக் கூட்டப் போனேன். அங்கேதான் பார்த்தேன். மூன்றாவது தறியின் பக்கம், சிமென்ட் தரையில் கருப்பாக ஒரு ஈரம். யாராவது தண்ணீரைக் கொட்டிவிட்டார்களோ என்று துணியால் துடைத்தேன், போகவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது பரவியது. பரவி, ஓர் இடத்தில் நேராக நின்றது. அடுத்த பக்கமும் நேராக நின்றது. மத்தியானத்துக்குள் நாலு மூலையும் தெரிந்துவிட்டது. ஒரு மூலை மட்டும் தறியின் காலுக்கு அடியில் இருந்தது. அது நைனாவின் குழி. அதே நீளம், அதே அகலம்.

“மேஸ்திரி ஏமாத்திட்டான், செரியா பூசல,” என்றார் வீட்டுக்காரர். நான் அதன் விளிம்பில், நைனா உட்காரும் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, ஒரு தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“நான்தாண்டி.”

“அக்கா” என்பதைக்கூட இரண்டு தடவையில்தான் சொன்னேன்.

“ஓடு போச்சி. கொட்டாய் போச்சி. தென்ன ரெண்டு வுழுந்துச்சி. மனுசங்க எல்லாம் கீறோம்,” என்றாள். அதில் ஜம்பம் இல்லை. போன புயலோடு இதை ஒப்பிடவும் இல்லை. குரல் கிழவி மாதிரி ஆகியிருந்தது. நான் கேட்காமலே அந்தக் குரலுக்கு வயதாகிவிட்டது.

பிறகு கேட்டாள்.

“குழியில எந்த கோடு?”

அவளுக்குத் தெரியும், குழி இல்லை என்று. தெரிந்துதான் கேட்டாள்.

“கோடு தெரிலக்கா. நான்தான் மூடிட்டனே. ஒன்ன ஒரு வார்த்த கேக்காம மூடிட்டேன். தப்புக்கா.” நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று வேகமாகச் சொன்னேன். “ஆனா தரைக்கு மேல ஈரம் வந்துகினு இருக்குதுக்கா. குழி அளவுக்கு. மூல மூலையா தெரியுது.”

“மேலயே வந்துடுச்சா?”

“வந்துடுச்சி.”

“அப்ப என் கோட்ட தாண்டிடுச்சி.”

“எல்லா கோட்டையும் தாண்டிடுச்சிக்கா.”

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நைனாவுக்காக அவள் அழுது நான் கேட்டது அப்போதுதான், எட்டு வருஷம் கழித்து. அழுது முடித்து, “அப்ப இதாண்டி பெருசு,” என்றாள். தொலைக்காட்சிக் கணக்கில் வர்தாதான் இதைவிடப் பெரியது. இருந்தால் என்ன? “காவிக்கட்டி கீதா வூட்ல?”

“கோலத்துக்கு வெச்சது கீது.”

“காயறதுக்குள்ள சுத்தி கோடு போடு.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தரையில் தவழ்ந்து, ஈரத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். தறிக்காலுக்கு அடியில் கை எட்டவில்லை. “அங்க எட்டலக்கா,” என்றேன். “செரி வுடு,” என்றாள்.

ஈரம் தை மாதத்துக்குள் காய்ந்துவிட்டது. கோடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது அதைச் சுற்றித்தான் துடைக்கிறேன். மங்கினால் மேலே தீட்டுகிறேன். அவளுக்கு மூட்டு வலி, கூடூரில் படி ஏறி இறங்கி ரயில் மாற முடியாது. வருகிறேன் வருகிறேன் என்கிறாள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் கோட்டைப் பார்க்க வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. விளிம்பில் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும், ஒரு தடவை தலையை நீட்டினால் வாரிவிட மாட்டாளா என்றுகூடத் தோன்றும். இந்த வயதில் இது ஒரு ஏக்கம்.

போன வாரம் மத்தியானம் போன் அடித்தது. அக்கா. வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தேன். சித்திரை வெயில், மலைமேல் ஒரு துண்டு மேகம் இல்லை. தறிகளை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டு எடுத்தேன்.

“என்னாக்கா? அந்தமான்கிட்ட எதுனா கிளம்பிச்சா?”

“ஒண்ணும் இல்லடி,” என்றாள். “சும்மாதான்.”